உருளைக்கிழங்கில் தொடங்கிய ஆட்டம்... 526 பந்துகளில் எழுதிய சரித்திரம்! - பூல் உலகின் ராஜா வில்லி மோஸ்கோனியின் கதை

ராத்திரி பதினொன்றரை மணி. தூக்கம் வரலை. போனை எடுத்து '8 பால் பூல்' கேமைத் திறக்கிறீங்க. விரலால் குச்சியை லேசா பின்னால் இழுத்தால் போதும், பந்து எந்தப் பக்கம் போகும்னு திரையே ஒரு வெள்ளைக் கோடு போட்டுக் காட்டிடும். அப்படியும் நாலாவது ஷாட்டில் வெள்ளைப் பந்தைக் குழிக்குள் தள்ளிட்டு, எதிராளி நெட்வொர்க்கைத் திட்டிட்டுப் படுத்துடுவோம்.

அந்த வெள்ளைக் கோடு எதுவும் இல்லாத காலத்தில் ஒரு மனுஷர் இருந்தார். நிஜ மேஜை, நிஜப் பந்து. ஒரே மூச்சில், ஒரு தடவைகூடத் தப்பாமல், 526 பந்துகளைக் குழிக்குள் அனுப்பினார். அந்தச் சாதனையை முறியடிக்க உலகத்துக்கு 65 வருஷம் ஆச்சு. இன்னிக்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் வருஷா வருஷம் மோதும் சர்வதேச பூல் போட்டிக்கே அவர் பேர்தான்... மோஸ்கோனி கோப்பை.

ஆனா, வில்லி மோஸ்கோனியோட வாழ்க்கையில் ஒரு பெரிய வேடிக்கை இருக்கு. எந்த ஆட்டத்தை 'சூதாட்டக்காரங்க விளையாட்டு' என்ற கெட்ட பேரிலிருந்து காப்பாத்தணும்னு காலம் முழுக்க மெனக்கெட்டாரோ, அதே ஆட்டத்தை மறுபடி உலகம் கொண்டாட ஆரம்பிச்சது ஒரு சூதாட்டக்காரன் கதையால். அந்தக் கதையைப் படமாக்க உதவினவரும் அவரேதான்!

பூட்டின கதவும் துடைப்பக் கட்டையும்

1913, ஜூன் 27. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் பிறந்தான் வில்லி. அப்பா ஜோசஃப் மோஸ்கோனி, பூல் ஹால் நடத்திக்கிட்டிருந்தார். கீழே ஹால், மேலே வீடு. ராத்திரி படுத்தால்கூட பந்தோடு பந்து மோதுற 'டக்' சத்தம் கேட்கிற வீடு.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பையன் பூல் ஆடாமல் இருப்பானா? ஆனா அப்பாவுக்கு அது சுத்தமாப் பிடிக்கலை. அன்றைக்கு அமெரிக்காவில் பூல் ஹாலுக்கு இருந்த பேர் அப்படி. சிகரெட் புகை, பந்தயப் பணம், வேலைவெட்டி இல்லாத கூட்டம்... 'நல்ல குடும்பத்துப் பிள்ளை அந்தப் பக்கம் போகக்கூடாது' என்று ஊரே நினைத்த இடம். தினமும் அதை நேரில் பார்க்கிற அப்பாவுக்கு, தன் பையன் அதுக்குள்ளேயே வளரக்கூடாதுன்னு ஒரு பிடிவாதம்.

அவர் ஆசை வேற. சொந்தத்தில் மோஸ்கோனி சகோதரர்கள் மேடை நடனக் கலைஞர்களாகப் பேர் வாங்கியிருந்தாங்க. 'டான்சிங் மோஸ்கோனிஸ்' என்றால் அன்றைய நாடகக் கொட்டகைகளில் நல்ல கூட்டம் வரும். வில்லியும் அப்படி ஓர் ஆட்டக்காரனா வரணும், கால்ல ஆடணும், கையில குச்சி பிடிக்கக்கூடாது. அதுதான் அப்பாவோட கணக்கு.

அதனால் கியூ குச்சிகளையும் பந்துகளையும் பையன் கைக்கு எட்டாமல் பூட்டி வெச்சார். பையன் என்ன செஞ்சான் தெரியுமா? அம்மாவோட சமையலறையிலிருந்து உருண்டையா இருக்கிற சின்னச் சின்ன உருளைக்கிழங்காப் பொறுக்கி எடுத்தான். குச்சிக்குத் துடைப்பக் கட்டை. ஊரெல்லாம் தூங்கும்போது கீழே இறங்கிப் போய், மேஜையில் உருளைக்கிழங்கைத் தட்டித் தட்டிப் பழகினான்.

யோசிச்சுப் பாருங்க, எந்த உருளைக்கிழங்கும் முழு உருண்டை கிடையாது. நேரா அடிச்சா நேரா போகாது. எங்க தட்டினா எந்தப் பக்கம் வளையும்னு ஒவ்வொரு கிழங்குக்கும் தனியாக் கணக்குப் போடணும். அப்படிப் பழகின கைக்கு நிஜப் பந்து கிடைச்சா?

பெட்டி மேல் ஏறி நின்ன பையன்

விஷயம் அப்பாவுக்குத் தெரியவர ரொம்ப நாள் ஆகலை. பையன் ஆடுறதைப் பார்த்ததும் அவருடைய பிடிவாதம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. அடிச்சுத் தடுத்தாலும் நிற்காத திறமைன்னு புரிஞ்சது. அதோட, கூட்டம் சேர்க்கக்கூடிய திறமைன்னும் புரிஞ்சது. 

மேஜை உயரத்துக்குக்கூட வளராத பையன். பெட்டியைப் போட்டு அது மேல் ஏறி நின்னுதான் ஆடணும். ஒரு ஷாட் அடிச்சதும் இறங்கி, பெட்டியை இழுத்துக்கிட்டு மேஜையைச் சுத்தி வந்து, மறுபடி ஏறணும். அப்படி நின்னுக்கிட்டு அவன் பெரியவங்களைத் தோற்கடிச்சா யார்தான் வேடிக்கை பார்க்க வரமாட்டாங்க?

வில்லிக்கு ஆறு வயசானபோது ஓர் ஆட்டம் ஏற்பாடாச்சு. எதிரே நின்னவர் ரால்ஃப் க்ரீன்லீஃப். இருபது வயதை ஒட்டிய அழகான இளைஞர். அமெரிக்க பூல் உலகத்தின் அன்றைய சூப்பர் ஸ்டார். ஹால் நிரம்பி வழிஞ்சது. வில்லி தோற்றான். ஆனா, தோற்ற பையனைப் பத்தித்தான் ஊரே பேசிச்சு.

1924-ல், 11 வயதில், சிறுவர் சாம்பியன் என்ற பட்டமும் வில்லியிடம் இருந்தது. வித்தை ஷாட்கள் அடிச்சுக் காட்டுற நிகழ்ச்சிகளும் நடந்துக்கிட்டிருந்தன.

வயித்துப்பாட்டுக்காகத் திரும்ப வந்த ஆட்டம்

சின்ன வயசில் கொண்டாடப்படுற குழந்தைகளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. பதினைந்து, பதினாறு வயசானதும் 'அட, இவ்ளோ சின்னப் பையனா!' என்கிற ஆச்சர்யம் போயிடும். அப்புறம் திறமை மட்டும்தான் மிச்சம். வில்லியும் அந்த வயதில் பூலை விட்டு விலகி, சாதாரணமா வேலைக்குப் போய்க்கிட்டிருந்தார். சோபா, நாற்காலிக்கு மெத்தை தைக்கிற பட்டறையில் வேலை.

அப்போதான் 1929-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்தது. பெரும் பொருளாதார மந்தம். ஆலைகள் மூடப்பட்டன. ரொட்டிக்கு வரிசையில் நின்ன காலம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. குடும்பம் வில்லியோட தோளில் விழுந்தது. இருந்த பட்டறை வேலையும் போச்சு.

கையில் இருந்தது ஒரே ஒரு வித்தை. உள்ளூர்ப் போட்டி ஒன்றில் பேர் கொடுத்தார். ஜெயிச்சார். பரிசுப் பணம் வீட்டுக்கு வந்தது. அப்பா 'வேண்டாம்' என்று பூட்டி வெச்ச அதே ஆட்டம், அந்த அப்பாவுக்கு மருந்தும் வீட்டுக்குச் சாப்பாடும் வாங்கிக் கொடுத்தது.

இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. மோஸ்கோனிக்கு பூல் என்பது பொழுதுபோக்காவோ, சாகசமாவோ இருந்தது கிடையாது. அது வேலை. காலையில் ஆபீஸ் போற மாதிரி ஒரு வேலை. கோட், டை, மழமழன்னு வாரின தலை, பளபளக்கிற ஷூ. கடைசி வரைக்கும் அவர் மேஜைக்கு வந்த விதம் அதுதான்.

க்ரீன்லீஃபோடு ஓர் ஊர்வலம்

1933. வில்லிக்கு இருபது வயது. பூல் மேஜைகள் தயாரிக்கிற பிரன்ஸ்விக் நிறுவனம் அவருடைய ஆட்டத்தைக் கவனிச்சது. ஊர் ஊராப் போய் ஆடிக் காட்ட ஒரு சுற்றுப்பயணம் ஏற்பாடு பண்ணாங்க. துணைக்கு, இல்லை எதிருக்கு, யார் தெரியுமா? அதே ரால்ஃப் க்ரீன்லீஃப்! பதினாலு வருஷம் முன்னால் பெட்டி மேல் ஏறி நின்னு எந்த ஆளோடு மோதினாரோ, அதே ஆள்.

ஊருக்கு ஊர் ரயில், ஓட்டல், புது மேஜை, புதுக் கூட்டம். மொத்தம் 107 ஆட்டங்கள். அதில் க்ரீன்லீஃப் 57 ஜெயிச்சார், மோஸ்கோனி 50. உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கு எதிரா, இருபது வயது பையனின் ஸ்கோர் இது. இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்க கிடைக்கும்?

க்ரீன்லீஃப் இன்னொரு பாடத்துக்கும் உதாரணம். மேடையில் ராஜா மாதிரி நிற்பார். ஆனா, குடி அவரைப் பிடிச்சு வெச்சிருந்தது. பட்டங்கள் வந்தன, பணம் வந்தது, உடம்பு போச்சு. 1950-ல், ஐம்பது வயதில் இறந்துபோனார். அவர் பக்கத்திலேயே நின்னு, அவர் கையின் மாயத்தையும் பார்த்து, வாழ்க்கையின் சரிவையும் பார்த்தவர் மோஸ்கோனி. க்ரீன்லீஃபின் நேர் எதிர் துருவமா அவர் வாழ்க்கை இருந்தது.

முதல்ல இந்த ஆட்டத்தைப் புரிஞ்சுக்குவோம்

நம்ம போனில் ஆடுறது எட்டுப் பந்து ஆட்டம். இன்னிக்கு டி.வி-யில் வர்ற பெரிய போட்டிகள் பெரும்பாலும் ஒன்பது பந்து ஆட்டம். மோஸ்கோனி ராஜாவா இருந்தது 'ஸ்ட்ரெயிட் பூல்' என்ற ஆட்டத்தில்.

இதில் ரூல் ரொம்ப எளிது. மேஜையில் 15 பந்து. எந்தப் பந்தையும் எந்தக் குழியிலும் போடலாம். ஆனா, எந்தப் பந்து எந்தக் குழின்னு முன்னாலேயே சொல்லிட்டுத்தான் அடிக்கணும். ஒரு பந்துக்கு ஒரு பாயின்ட். 14 பந்து உள்ளே போய், ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கும்போது ஆட்டம் நிற்கும். போன 14 பந்தையும் மறுபடி முக்கோணமா அடுக்குவாங்க. இப்போ அந்த மிச்சப் பந்தைக் குழியில் போடணும். அதே ஷாட்டில் வெள்ளைப் பந்து போய் அந்த முக்கோணத்தையும் உடைக்கணும். அப்போதான் அடுத்தடுத்த பந்துகள் பிரிஞ்சு வரும்.

தப்பினால்? எதிராளியின் முறை. தப்பாத வரைக்கும் நீங்க ஆடிக்கிட்டே போகலாம். எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பந்தைத் தொடக்கூட வாய்ப்பில்லாமல் ஒருத்தர் முழு ஆட்டத்தையும் தோற்க முடியும்.

அதனால் இங்கே திறமை என்பது பந்தைக் குழிக்குள் போடுறது மட்டும் இல்லை. வெள்ளைப் பந்து அடிச்சு முடிச்சதும் எங்கே போய் நிற்குது என்பதுதான் முக்கியம். செஸ் மாதிரி நாலு ஷாட் முன்னாடியே யோசிக்கணும். கடைசியா எந்தப் பந்தை மிச்சம் வைக்கணும், அதை அடிக்க வெள்ளைப் பந்து எந்தப் பக்கம் நிற்கணும்... எல்லாம் முன்னாலேயே முடிவாகணும்.

மோஸ்கோனியின் ஆட்டத்தைப் பார்த்தவங்களுக்கு அது ரொம்பச் சுலபமாத் தெரிஞ்சது. அதுதான் அவருடைய மேதைமை. கஷ்டமான ஷாட் அடிச்சுக் கைதட்டு வாங்குறவர் இல்லை அவர். கஷ்டமான ஷாட்டே வராத மாதிரி வெள்ளைப் பந்தை நிறுத்துறவர். அதையும் வேகமாச் செய்வார். ஒரு பந்து குழிக்குள் விழுற சத்தம் அடங்குறதுக்குள் அடுத்த ஷாட்டுக்குக் குனிஞ்சிருப்பார்.

15 முறை உலக சாம்பியன்

இவ்வளவு திறமை இருந்தும் முதல் உலகப் பட்டம் உடனே வந்துடலை. 1933-ல் சுற்றுப்பயணம் முடிச்சவர், எட்டு வருஷம் காத்திருந்தார். போட்டிக்குப் போட்டி பக்கத்தில் வந்து வழுக்கிப் போகும். இன்டர்வியூவில் கடைசி ரவுண்டு வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வந்தவங்களுக்கு இந்த வலி தெரியும்.

1941-ல் கதவு திறந்தது. அந்த சீசனில் பட்டத்தை முடிவு செய்ய ஒரு நீண்ட லீக் நடந்தது. மோஸ்கோனி 224 ஆட்டம் ஆடினார். அதில் 176 வெற்றி. எட்டு வருஷக் காத்திருப்புக்கு வட்டியும் முதலுமாக வசூல் பண்ணிட்டார்னுதான் சொல்லணும்.

அதிலிருந்து 1957 வரை, பூல் உலகம்னா மோஸ்கோனிதான். மொத்தம் 15 முறை உலக சாம்பியன். நடுவில் ஆண்ட்ரூ பான்சி, இர்விங் கிரேன், ஜிம்மி கேரஸ் மாதிரியான ஜாம்பவான்கள் பட்டத்தைப் பிடுங்கிட்டுப் போவாங்க. இவர் திரும்பப் போய் எடுத்துக்கிட்டு வருவார். இரண்டாம் உலகப் போர்க் காலம், ராணுவ சேவை, முறிஞ்ச முதல் திருமணம் என்று சொந்த வாழ்க்கையில் எல்லாமே நடந்தது. 1953-ல் ஃப்ளோராவை மணந்த பிறகு வீடு ஒரு நிலைக்கு வந்தது. 

1956-ல் நார்த் கரோலினா மாநிலத்தின் கின்ஸ்டன் ஊரில் நடந்த உலகப் பட்ட மோதல் ஒன்று போதும், அவர் யார்னு சொல்ல. எதிரே ஜிம்மி மூர். சாதாரண ஆள் இல்லை, அன்றைய பெரிய ஆட்டக்காரர்களில் ஒருத்தர். அந்த ஆட்டத்தில் ஜெயிக்கத் தேவை 150 பாயின்ட். மோஸ்கோனி மேஜைக்கு வந்தார். 150 பந்தையும் ஒரே முறையில், தொடர்ச்சியாப் போட்டுட்டுப் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான், ஆட்டம் முடிஞ்சது!

ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு சாயங்காலம்

1954, மார்ச் மாதம். ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு. ஈஸ்ட் ஹை பில்லியர்டு கிளப் என்கிற ஒரு சாதாரண ஹால். உலகப் போட்டி எல்லாம் இல்லை. பிரன்ஸ்விக்குக்காக ஊர் ஊராப் போய் அவர் ஆடுற நூற்றுக்கணக்கான காட்சி ஆட்டங்களில் ஒண்ணு. எதிரே உள்ளூர் ஆட்டக்காரர் ஒருத்தர். இலக்கு 200 பாயின்ட்.

மோஸ்கோனி 200-ஐத் தொட்டார். ஆட்டம் ஜெயிச்சாச்சு. ஆனா, இன்னும் ஒரு பந்துகூடத் தப்பலை. கூட்டம் வீட்டுக்குப் போகலை. அவரும் குச்சியைக் கீழே வைக்கலை.

250... 300... பந்துகளை அடுக்கினாங்க, உடைச்சார். 350... 400... மறுபடி அடுக்கினாங்க, மறுபடி உடைச்சார். ஒவ்வொரு 14 பந்துக்கும் ஒரு தடவை அந்த முக்கோணத்தை உடைச்சாகணும். அதுதான் ஆபத்தான ஷாட். அந்த ஆபத்தை முப்பது தடவைக்கு மேல் தாண்டிப் போயிருக்கார். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஒரே ஆள் மேஜையைச் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டிருந்தார். 

526 வரை போனது. அடுத்த பந்து தப்பியது.

வீடியோ கிடையாது. யார் கையிலும் கேமரா போன் கிடையாது. அன்றைக்கு இருந்தது மனுஷக் கண்கள் மட்டும்தான். அதனால் அங்கே இருந்தவங்க, 'நாங்க நேர்ல பார்த்தோம்' என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. முப்பத்தைந்து பேருக்கும் மேல். அந்தக் கையெழுத்துகள்தான் ஆதாரம்.

ஆட்டம் நடந்தது எட்டடி மேஜையில். உலகப் போட்டி மேஜையைவிட ஓரடி சின்னது. அதைச் சொல்லி இன்னிக்கும் வாதம் பண்றவங்க உண்டு. இருக்கட்டும். ஆனா, அதே அளவு மேஜைகள் அதுக்கப்புறமும் ஆயிரக்கணக்கில் இருந்தன. அங்கேயும் அந்த எண்ணை யாரும் சுலபமாத் தொட்டுடலை. 2019-ல் அமெரிக்காவின் ஜான் ஷ்மிட் 626 பந்து போட்டுத்தான் அந்தச் சாதனை உடைஞ்சது. அதுக்கு அவர் மாதக்கணக்கில், ஒவ்வொரு முயற்சியையும் வீடியோ எடுத்துக்கிட்டே, அதே வேலையா உட்கார்ந்திருந்தார். மோஸ்கோனியோ, ஒரு சாதாரண நாளில், வழக்கமான டூட்டியில், ஜெயிச்ச பிறகும் குச்சியைக் கீழே வைக்க மனசில்லாமல் செஞ்ச சாதனை அது.

மரியாதை... அதுதான் பிரச்னை

புகழ் இருந்தது. பட்டங்கள் இருந்தன. ஆனா, மோஸ்கோனி தேடினது வேற ஒண்ணு. மரியாதை. தனக்கு மட்டும் இல்லை, தன் ஆட்டத்துக்கு.

பூல் ஹால் என்றாலே முகம் சுளிக்கிற ஊர் அது. 1957-ல் வெளியான 'தி மியூசிக் மேன்' இசை நாடகத்தில், ஊருக்கு ஒரு பூல் மேஜை வந்தால் பிள்ளைங்க எப்படிக் கெட்டுப்போவாங்கன்னு பயமுறுத்துற பாட்டே ஒண்ணு இருக்கு. கிண்டல்தான். ஆனா, ஊர் நினைப்பும் அதுதான்.

இதை மாத்தத்தான் மோஸ்கோனி கோட் சூட்டோடு ஊர் ஊராப் போனார். பந்தயம் கட்டி ஆடுற ஆட்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பலவீனமா நடிச்சு, எதிராளியை ஏமாத்தி, பணத்தை உருவுற 'ஹஸ்லர்'களை, தன் தொழிலின் பேரைக் கெடுக்கிறவங்களாவே பார்த்தார். ஆட்டத்தைக் கத்துக்கொடுக்க 1948-லும் 1965-லும் புத்தகங்கள் எழுதினார். குடும்பத்தோடு வந்து ஆடக்கூடிய விளையாட்டுன்னு நிரூபிக்கப் பாடுபட்டார்.

1956-ன் கடைசியில் உடம்பு அடி கொடுத்தது. பக்கவாதம். வயது 43. குச்சி பிடிக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய பயம் என்ன இருக்க முடியும்? மெள்ள மெள்ள மீண்டு வந்தார். மறுபடி ஆடினார். ஆனாலும், 1957-க்குப் பிறகு பட்டப் போட்டிகளின் காலம் முடிவுக்கு வந்துடுச்சு.

அவர் ஒதுங்கின நேரத்தில் ஆட்டமும் தூங்க ஆரம்பிச்சிருந்தது. ஹால்கள் மூடப்பட்டுக்கிட்டிருந்தன. வீட்டில் டி.வி வந்தாச்சு. இனி பூலை யார் எழுப்புவாங்க?

எழுப்பியது யார் தெரியுமா?

'தி ஹஸ்லர்'. வால்டர் டெவிஸ் எழுதிய நாவல். ராபர்ட் ராஸன் இயக்கத்தில் 1961-ல் படமா வந்தது. ஹீரோ பால் நியூமன். பாத்திரத்தின் பேர் 'ஃபாஸ்ட் எடி'. ஊர் ஊராப் போய் ஏமாத்திப் பணம் சம்பாதிக்கிற பூல் ஆட்டக்காரன். மோஸ்கோனி வெறுத்த அதே ஆள்!

அந்தப் படத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகரா வந்தவர்தான் மோஸ்கோனி. பூலே ஆடத் தெரியாத பால் நியூமனுக்கு குச்சி பிடிக்கிறதிலிருந்து, குனியுறது, நடக்குறது, மேஜையைப் பார்க்குற பார்வை வரைக்கும் சொல்லிக் கொடுத்தார். படத்தில் கஷ்டமான ஷாட்கள் சிலவற்றில் தெரியுற கை நியூமனுடையது இல்லை, மோஸ்கோனியுடையது. பந்தயப் பணத்தைக் கையில் வாங்கி வெச்சுக்கிற ஆளா ஒரு காட்சியில் முகமும் காட்டுவார். பந்தயமே பிடிக்காத மனுஷருக்குக் கிடைச்ச வேஷத்தைப் பாருங்க!

படம் பெரிய ஹிட். நாடு முழுக்கப் புதுசா ஹால்கள் திறந்தாங்க. மேஜைகள் பறந்தன. ஆட்டம் பிழைச்சுக்கிச்சு. ஆனா, ஹாலுக்கு வந்த பசங்க யாரும் கோட் போட்ட மோஸ்கோனி மாதிரி ஆக ஆசைப்படலை. ஃபாஸ்ட் எடி ஆகத்தான் ஆசைப்பட்டாங்க.

வாயாடியும் மௌனியும்

படத்தில் இன்னொரு பாத்திரம் உண்டு, 'மினசோட்டா ஃபேட்ஸ்'. குண்டான, கம்பீரமான ஆட்டக்காரர். ஜாக்கி கிளீசன் பிரமாதமா நடிச்சிருப்பார். கற்பனைப் பாத்திரம்தான். ஆனா, படம் ஓடினதும் நிஜ உலகத்தில் ஒருத்தர் கிளம்பினார். ருடால்ஃப் வாண்டரோன். பந்தய ஆட்டங்களில் பழம் தின்னு கொட்டை போட்டவர். அந்தப் பாத்திரமே தன்னைப் பார்த்துதான் எழுதப்பட்டதுன்னு சொல்லிக்கிட்டு, பேரையும் எடுத்து வெச்சுக்கிட்டார். கதை எழுதிய டெவிஸ் மறுத்தார். யார் கேட்டாங்க?

வாண்டரோன் ஒரு பெரிய சாம்பியன்ஷிப்கூட ஜெயிச்சது கிடையாது. ஆனா, வாயைத் திறந்தால் கூட்டம் சிரிக்கும். கதை, கிண்டல், பீலா... டி.வி-க்கு வேறென்ன வேணும்? தெருவில் போறவரை நிறுத்தி ஒரு பூல் ஆட்டக்காரர் பேர் கேட்டால், 15 முறை உலக சாம்பியனோட பேர் வராது. 'மினசோட்டா ஃபேட்ஸ்'னுதான் வரும். மோஸ்கோனியையே பலமுறை ஜெயிச்சிருக்கேன்னு வேற சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார்.

இன்னிக்கு நம்ம சோஷியல் மீடியாவில் நடக்கிறதேதான் இது. வேலை செய்றவர் ஒருத்தர், ஃபாலோயர்ஸ் வேற ஒருத்தருக்கு. மோஸ்கோனிக்கு அது எவ்வளவு எரிச்சலா இருந்திருக்கும்?

1978, பிப்ரவரி 14. நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டல். ஏ.பி.சி தொலைக்காட்சியின் 'வைட் வேர்ல்டு ஆஃப் ஸ்போர்ட்ஸ்' நிகழ்ச்சி. வர்ணனைக்குப் புகழ்பெற்ற ஹாவர்ட் கோசெல். ஒரு பக்கம் 64 வயது மோஸ்கோனி, உம்முன்னு, டக்ஸிடோவில். இன்னொரு பக்கம் ஃபேட்ஸ், வாய் ஓயாமல். ஷாட்டுக்கு ஷாட் பேச்சு, கூட்டத்தைப் பார்த்துக் கிண்டல். எதிராளியின் கவனத்தைக் கலைக்கிறதும் அவர் ஆட்டத்தின் ஒரு பகுதிதான்.

மோஸ்கோனி பேசலை. பந்துகள் பேசின. ஜெயிச்சார். லட்சக்கணக்கானவங்க டி.வி-யில் பார்த்தாங்க. பூல் ஆட்டத்தை அவ்வளவு பேர் உட்கார்ந்து பார்த்ததே அபூர்வம்.

ஆனா, இதிலும் ஒரு வேடிக்கை. மேஜையில் மோஸ்கோனி ஜெயிச்சார். சிரிச்சுக்கிட்டே கூட்டத்தின் மனசை எடுத்துட்டுப் போனவர் ஃபேட்ஸ். அதுக்கப்புறமும் இருவரும் டி.வி-யில் மோதினாங்க. ஒருத்தர் இல்லாமல் இன்னொருத்தருக்குக் காட்சி இல்லைங்கிற நிலை. தன்னை அவ்வளவு எரிச்சல்படுத்தின மனுஷராலதான் புதுத் தலைமுறைக்குத் தன் பேர் தெரிஞ்சதுங்கிறது, மோஸ்கோனிக்கு ஒரு கசப்பு மிட்டாய்.

பேர் நிலைச்சது

1993-ல் 'வில்லி'ஸ் கேம்' என்ற சுயசரிதை வெளியாச்சு. அதே வருஷம் செப்டம்பரில், நியூஜெர்ஸியின் ஹேடன் ஹைட்ஸில் தன் வீட்டில், 80 வயதில் இறந்தார் மோஸ்கோனி.

அடுத்த வருஷமே, 1994-ல், இங்கிலாந்தின் ரோம்ஃபோர்டில் ஒரு புதுப் போட்டி ஆரம்பிச்சது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் அணி மோதல். அதுக்கு வெச்ச பேர், மோஸ்கோனி கோப்பை. ஸ்ட்ரெயிட் பூல் மெதுவா ஓரம்போய், ஒன்பது பந்து ஆட்டம் மேடையைப் பிடிச்ச காலம் அது. கோப்பையும் ஒன்பது பந்து ஆட்டத்துக்குத்தான்.

யூடியூபில் அந்தப் போட்டியைப் போட்டுப் பாருங்க. கொடி, டிரம்ஸ், பாட்டு, கத்தல். ஷாட் அடிக்கும்போதே கூட்டம் கூச்சல் போடும். கால்பந்து மேட்ச் மாதிரி இருக்கும். கோட் சூட்டில், அமைதியான ஹாலில், ஒரு வார்த்தை பேசாமல் ஆடின மனுஷரின் பேரில் இவ்வளவு சத்தம்! அவர் இருந்திருந்தா முகம் சுளிச்சிருப்பாரோ என்னவோ.

ஆனா, ஒண்ணு கவனிங்க. அந்த மேடையில் ஆடுறவங்க யாரும் இருட்டு மூலையில் பந்தயம் கட்டுற ஆட்கள் இல்லை. முதுகில் நாட்டுக்கொடியோ, கண்டத்தின் பேரோ போட்டுக்கிட்டு வர்ற விளையாட்டு வீரர்கள். ஆயிரக்கணக்கானோர் டிக்கெட் வாங்கி வர்றாங்க. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அப்பா அம்மா வர்றாங்க. பூல் ஹாலுக்குள் பையனை விடக்கூடாதுன்னு குச்சியைப் பூட்டி வெச்ச ஜோசஃப் மோஸ்கோனி இதைப் பார்த்திருந்தா, சாவியைத் தூக்கிப் போட்டிருப்பார்.

அவர் கேட்ட மரியாதை அவர் நினைச்ச உடுப்பில் வரலை. கொஞ்சம் சத்தமா, கொஞ்சம் தாமதமா வந்தது. ஆனா, வந்தது.

அடுத்த தடவை போனில் பூல் ஆடும்போது, திரை காட்டுற அந்த வெள்ளைக் கோட்டை ஒரு நிமிஷம் பாருங்க. அந்தக் கோட்டைத் தன் கண்ணுக்குள்ளேயே வரைஞ்சு வெச்சிருந்த ஒரு பையன், ஒரு காலத்தில், ராத்திரி யாருக்கும் தெரியாமல் உருளைக்கிழங்கைத் தட்டிக்கிட்டிருந்தான்!